நேரில் ஒரு ரொக் பேண்ட் கேட்க: கொழும்பா, அறுகம்பேயா, நம்ம ஊரா?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்துகொண்டு இண்டி ரொக், அதாவது பெரிய இசைக் கம்பனிகளை நம்பாமல் பேண்டுகள் தாங்களே எழுதி வாசிக்கிற ரொக், கேட்கிற பலருக்கு அந்த இசை போனுக்குள்ளேயே இருக்கிறது. யூடியூப்பில் தேடிப் பிடித்து, இயர்போனில் கேட்டு, பாட்டு மனப்பாடம் ஆன பிறகு ஒரு நாள் ஆசை வரும்: இதை ஒரு தடவையாவது நேரில் கேட்க வேண்டும். கொழும்பில் இருக்கிற மாதிரி பேண்ட் வாசிக்கிற கிளப் நம் பக்கத்தில் இல்லை. ஆகவே கையில் உள்ள காசையும் கிடைக்கிற ஒரு சனி ஞாயிறையும் எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மைதானத்தில் நடக்கிற பெரிய இசை நிகழ்ச்சி, பாசிக்குடா ஹோட்டல் பேண்ட், அறுகம்பே, கொழும்பு, இவற்றோடு ஊரிலேயே நாமே ஒன்றை நடத்துவது. எனக்குத் தெரிந்து இவ்வளவுதான் வழி.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதன்முதலாகப் போகிறவருக்கு அறுகம்பே. ரொக் இல்லாமல் இருக்க முடியாதவருக்கு வருடத்தில் ஒரு தடவையாவது கொழும்பு. நாலைந்து நண்பர்கள் ஒன்றுசேர முடியுமென்றால், இவை எல்லாவற்றையும்விட நல்லது ஊரில் ஒரு சின்ன அறையில் நடத்துவது. இந்தக் கடைசி வழியைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது? நான் இரண்டு விஷயங்களை முதலில் பார்ப்பேன். வாசிக்கிறவர்களுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம்? அவர்கள் வாசிப்பது சொந்தப் பாட்டா? காசும் பயணமும் அடுத்தபடிதான்.

தூரம் ஏன் முக்கியம் என்றால், சின்ன அறையில் ட்ரம்ஸ் சத்தம் ஸ்பீக்கர் வழியாக வருவதில்லை. தோலில் குச்சி படுகிற இடத்திலிருந்து நேரே நம்மிடம் வருகிறது. பேஸ் கிற்றார் நெஞ்சில் படும். பாடுகிறவர் அடுத்த வரிக்கு மூச்சு எடுப்பது கேட்கும். ட்ரம்ஸ்காரர் எங்காவது தவறவிட்டால் பேஸ்காரர் ஒரு பார்வை பார்ப்பார், அடுத்த சுற்றில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள். இதெல்லாம் பதிவில் வராது. இன்னும் பதிவே செய்யாத பாட்டைக் கொண்டுவந்து, கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார்கள். அந்தப் பாட்டு கடைசியில் எப்படி அமைய வேண்டும் என்பதில் அன்றைக்கு அங்கே நின்றவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கும்.

சொந்தப் பாட்டு என்பது இந்த இசையின் அடிப்படையே. 1977 ஜனவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பஸ்கொக்ஸ் என்ற பேண்ட், பெரிய இசைக் கம்பனி எதையும் நம்பாமல் ஐந்நூறு பவுண்ட் கடன் வாங்கித் தங்கள் முதல் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டது. முதலில் அடித்தது 1,000 பிரதி. கடைசியில் 16,000 வரை விற்றது. கம்பனி இல்லாமலும் முடியும் என்று அதைப் பார்த்துப் பல ஊர்ப் பிள்ளைகள் துணிந்தார்கள். நியூயோர்க்கில் 1973 டிசம்பரில் திறந்த சி.பி.ஜி.பி. கிளப்பும் இந்தக் கதையில் வருகிறது. முன்னூற்றைம்பது பேர் அளவுக்கே இடம் கொண்ட, வசதி குறைந்த நீண்ட அறை அது. அதன் முதலாளி ஹில்லி கிறிஸ்டல், வந்து வாசிக்கிறவர்கள் சொந்தப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார். 2006 இல் மூடும்வரை அந்தச் சின்ன அறையிலிருந்து வெளியே போன பேண்டுகள் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, முதலில் மைதான நிகழ்ச்சி. மட்டக்களப்பு வெபர் மைதானத்திலோ கோயில் திருவிழா மேடையிலோ நடக்கிற இசைக்குழு நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு போகலாம், பாதுகாப்பாகத் திரும்பலாம், பல நேரம் டிக்கெட்டும் இல்லை. நல்ல கீபோர்ட்காரரும் நல்ல பாடகரும் அங்கே இருப்பார்கள். ஆனால் வாசிப்பது சினிமாப் பாட்டு, மேடையும் தூரத்தில், சத்தமெல்லாம் பெரிய ஸ்பீக்கர் வழியாக. இண்டி ரொக் தேடுகிறவருக்கு இது வேறு இசை. பிடித்தால் அதற்காகவே போங்கள், இந்தத் தேடலின் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு காரியத்துக்கு மட்டும் போகச் சொல்வேன்: உங்கள் ஊரில் யார் ட்ரம்ஸ் வாசிக்கிறார்கள், யார் லீட் கிற்றார் வாசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

பாசிக்குடா ஹோட்டல்களில் சில இரவுகளில் மூன்று நான்கு பேர் கொண்ட பேண்ட் வாசிக்கும். கைதேர்ந்தவர்கள். கிட்ட இருந்து கேட்கலாம், கிற்றார் கற்றுக்கொள்கிறவர் விரல்களைப் பார்த்தே நிறையப் பிடித்துக்கொள்ளலாம். இருந்தாலும் அது இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னணியாக வாசிக்கிற இசை. விருந்தினர் கேட்கிற பழைய ஆங்கிலப் பாட்டும் பைலாவும்தான் வரும். அங்கே தங்காதவர் உள்ளே போவதென்றால் பெரும்பாலும் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தாக வேண்டும், அந்தக் காசு சின்னதல்ல. அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்கு நல்ல இடம்.

அறுகம்பே, பொத்துவில் ஆட்கள் உல்லை என்று சொல்கிற இடம், வேறு மாதிரி. மட்டக்களப்பிலிருந்து ஏ4 வீதியில் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டிப் பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அங்கிருந்து ஓட்டோவில் சில நிமிடம். அக்கரைப்பற்றுக்காரருக்கு இது பக்கத்து ஊர் மாதிரி. ஏப்ரல் கடைசி தொடங்கி ஒக்டோபர் வரை அலை நன்றாக இருக்கிற காலம். அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களில் கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் இருப்பார்கள். கடற்கரையோரக் கபேக்களிலும் பார்களிலும் யாரும் ஏறிப் பாடக்கூடிய இரவுகள் நடக்கும். கொழும்பிலிருந்து பேண்டுகளும் வரும். தரம் ஒரே சீராக இருக்காது. ஒரு இரவு அருமையான பேண்ட், அடுத்த இரவு இப்போதுதான் கிற்றார் பழகுகிறவர்.

முதல் தடவைக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிக்கெட் இல்லாமல் அல்லது குறைந்த காசில் பல இடங்களில் கேட்கலாம். பிடிக்காவிட்டால் எழுந்து அடுத்த கபேக்கு நடந்துவிடலாம். எல்லா இடமும் ஒரே வீதியில் இருக்கிறது. கிளப்புக்குள் எப்படி நிற்பது, என்ன உடுத்துவது என்று ஒரு கூச்சம் முதன்முதலாகப் போகிறவருக்கு இருக்கும். மணலில் உட்கார்ந்து கேட்கும்போது அந்தக் கூச்சம் கிட்ட வராது.

போகுமுன் ஒன்றைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ‘லைவ் மியூசிக்’ என்று பலகையில் எழுதியிருந்தாலும் சில இடங்களில் டி.ஜே. ஒருவர் பாட்டுப் போடுவதுதான் நடக்கும். போன் எடுத்து, பேண்ட் வாசிக்கிறதா, எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேளுங்கள். இரவில் திரும்பிவர பஸ்ஸை நம்ப முடியாது, தங்க வேண்டி வரும். ஜூலை, ஓகஸ்டில் அறை விலை ஏறிவிடும். மே, ஜூனிலோ செப்டம்பரிலோ போனால் காசும் மிச்சம், கூட்டமும் குறைவு. நவம்பர் வந்துவிட்டால் வடகீழ்ப் பருவ மழை, பாதிக் கபேக்கள் மூடியிருக்கும்.

இனிக் கொழும்பு. இந்த நாட்டில் சொந்தப் பாட்டு வாசிக்கிற ரொக் பேண்டுகளை வரிசையாகக் கேட்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக ஹெவி மெற்றல் வாசித்துவருகிற ஸ்டிக்மாட்டா கொழும்புப் பேண்ட். கண்டியில் உருவான பரனொயிட் ஏர்த்லிங் இந்த நாட்டு ரொக் கேட்கிறவர்கள் நன்றாக அறிந்த பெயர். ஜெர்மன் கலாசார நிலையமான கோதே நிறுவனத்திலும் சின்னச் சின்ன அரங்குகளிலும் பரிசோதனை இசை நிகழ்ச்சிகள் நடந்திருக்கின்றன. காலி வீதியில் உள்ள பெயர்புட் கார்டன் கபே ஞாயிறு ஜாஸ் இசைக்குப் பெயர்போனது. ஜூன் 21 இசை நாள். 1982 இல் பிரான்சில் தொடங்கியது, பிரெஞ்சு மொழி, கலாசார நிலையமான அலியான்ஸ் பிரான்சேஸ் அதை இங்கேயும் கொண்டாடுகிறது. அந்த நாளையொட்டிப் பயணத்தை வைத்தால் ஒரே தடவையில் பல பேண்டுகளைக் கேட்கக் கிடைக்கலாம்.

கொழும்புக் கிளப்பில் கிடைப்பது எது என்றால், நடைமுறை தெரிந்த ஆட்கள். சவுண்ட் பார்க்க ஒருவர் இருப்பார். பின்னேரமே சவுண்ட் செக், அதாவது வாசித்துப் பார்த்துச் சத்தத்தைச் சரிசெய்வது, முடித்திருப்பார்கள். முதலில் ஒரு புதுப் பேண்ட், அடுத்து இன்னொன்று, பெரிய பேண்ட் கடைசியில். நம்மவர் பலர் கடைசிப் பேண்டுக்காகப் பிந்திப் போகிறார்கள். சீக்கிரமே போங்கள். முதலாவதாக வாசிக்கிறவர்கள்தான் ஒருவேளை அடுத்த வருடம் நீங்கள் ஊருக்குக் கூப்பிடக்கூடியவர்கள். அறையில் சவுண்ட் மிக்ஸர் வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றால் இசை மிகத் தெளிவாகக் கேட்கும். சவுண்ட் பார்க்கிறவர் தன் காதை வைத்துத்தானே எல்லாவற்றையும் சரிசெய்கிறார். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம்.

கஷ்டம் பயணத்தில். பஸ்ஸில் ஏழு எட்டு மணித்தியாலம். ரயில் வாழைச்சேனை, பொலன்னறுவை, கல்லோயா சந்தி, மாகோ என்று சுற்றி வருவதால் இன்னும் கொஞ்சம் கூட. யானை நடமாடுகிற பகுதியில் இரவு ரயில் மெதுவாகத்தான் போகும். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்புப் பாதை ரயில் மோதி ஆறு யானைகள் செத்ததை நாம் மறக்கவில்லை. ரயில் தாமதம் என்று அந்த இடத்தில் முணுமுணுக்க எனக்கு மனம் வருவதில்லை. இரவு நிகழ்ச்சி முடிய நள்ளிரவு ஆகிவிடும், அப்போது ஊருக்கு ரயில் இருக்காது. ஆகவே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சொந்தக்காரர் வீடு வேண்டும், இல்லாவிட்டால் லொட்ஜ். டிக்கெட் காசைவிடப் போக்குவரத்தும் தங்குமிடமும் சாப்பாடும்தான் கூட வரும். கணக்குப் போடும்போது பலர் டிக்கெட்டை மட்டும் பார்க்கிறார்கள். ஞாயிறு பகல் நிகழ்ச்சியாகத் தேர்ந்தெடுத்தால், முடிந்த கையோடு கோட்டைக்கோ புறக்கோட்டைக்கோ வந்து இரவு பஸ் பிடித்துத் திங்கள் விடிய ஊரில் இறங்கலாம். வேலைக்குப் போகிறவருக்கு இதுதான் தோது.

இன்னும் இரண்டு விஷயம். மது விற்கிற இடமாக இருந்தால் வயது கேட்பார்கள். இந்த நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம், அதனால் சில கிளப்புகள் 21 ஆகாதவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும். ஏ.எல். எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை இவ்வளவு தூரம் போய் வெளியே நிற்கக் கூடாது, முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். போயா நாளில் மது விற்க முடியாது, கிளப் நிகழ்ச்சியும் அநேகமாக இருக்காது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள்.

கொழும்பில் எனக்குக் குறையாகத் தோன்றுவது மொழி. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அருமையான பாட்டுகள் கேட்கலாம். தமிழில் சொந்தப் பாட்டு வாசிக்கிற ரொக் பேண்ட் அங்கே அரிது. ஆங்கில ரொக் எனக்கு மிகவும் பிடிக்கும், கேட்காமல் இருக்க மாட்டேன். இருந்தும் ‘வாவியில் தண்ணி வத்திப்போச்சு’ என்று ஒருவர் மைக்கில் கத்திப் பாட, பின்னால் ட்ரம்ஸ் இறங்குவதைக் கேட்க எனக்கு ஆசை. இந்த ஆசை கொழும்பில் தீராது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் தடவை மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பேண்ட், கானாவையும் பறையையும் ரொக் கிற்றாரோடு சேர்த்துத் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் பேச்சிலேயே பாடியது. அதைப் பார்த்த பிறகு தமிழுக்கு ரொக் ஒத்துவராது என்று யாரும் சொல்ல முடியாது.

நம்மிடமும் இதற்கு அடித்தளம் இருக்கிறது. நிதி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் சினிமாவை எதிர்பார்க்காமல், இங்கேயே எழுதி இங்கேயே பாடித் தமிழ்ப் பொப்பிசையை வளர்த்தார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலின், கிற்றார், மேளத்தோடு கப்ரிஞ்ஞா வாசித்து ஆடுகிற வழக்கம் தலைமுறை தலைமுறையாக வருகிறது. வீட்டு முற்றத்தில் கிட்ட நின்று கேட்கிற நேரடி இசை அது. கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, இசை படிக்கிற பிள்ளைகள் வருடா வருடம் அங்கிருந்து வெளியே வருகிறார்கள். தேவாலயப் பாடகர் குழுக்களில் கிற்றாரும் ட்ரம்ஸும் வாசிக்கிற இளைஞர்கள் எத்தனை பேர்! வாசிக்க ஆள் இருக்கிறது. சொந்தப் பாட்டைக் கேட்க ஒரு அறைதான் இல்லை.

அதனால் நாமே நடத்துவது என்ற வழிக்கு வருகிறேன். ஐந்து பேர் கொழும்புக்குப் போய்வருகிற செலவைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையில் ஒரு சின்ன மண்டபமோ டியூஷன் வகுப்பறையோ ஒரு இரவுக்கு எடுத்து, அளவான சவுண்ட் செட் வாடகைக்கு எடுத்து, வாசிக்கிறவர்களுக்கும் ஒரு தொகை கொடுக்க முடியும். ஐந்து பேர் கேட்கிற இடத்தில் ஐம்பது அறுபது பேர் கேட்பார்கள்.

வாசிக்கிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: நாலு சொந்தப் பாட்டு. சி.பி.ஜி.பி. விதி இங்கேதான் உதவும். விதி இல்லாவிட்டால் நல்ல மனதோடு தொடங்கியவர்களும் இரண்டாவது பாட்டிலேயே சினிமாவுக்குப் போய்விடுவார்கள், கைதட்டல் அங்கே சுலபமாகக் கிடைக்கும். ஒரு பேண்டிடம் நாலு பாட்டு, மூன்று பேண்ட் அல்லது மூன்று தனிப் பாடகர்கள், இடையில் தேநீர். ஒரு இரவுக்குக் காணும்.

நேரத்தைச் சட்டமே தீர்மானித்துவிட்டது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007 இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அந்த அனுமதி கொடுக்கக் கூடாது. சில விசேட சந்தர்ப்பங்களுக்குத்தான் விலக்கு. இதை நான் ஒரு தடையாக எண்ணவில்லை. பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்தால் பெண் பிள்ளைகள் வரலாம், அம்மாமார் மறுக்க மாட்டார்கள், காத்தான்குடியிலிருந்தும் செங்கலடியிலிருந்தும் வந்தவர்கள் வீடு போய்ச் சேரலாம். கொழும்பிலும் அறுகம்பேயிலும் ஒரு பெண் தனியாகப் போய்வருவதில் உள்ள கஷ்டம் இங்கே பெரும்பாலும் குறைந்துவிடும். என்னைப் பொறுத்தவரை இது ஒன்றே போதும், இந்த வழியை முதலில் வைக்க. நேரடி ரொக் இசை ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக இருந்தால் அது வளராது.

டிக்கெட் போட்டு விற்பதென்றால் களியாட்ட வரி பற்றி மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். ஓ.எல்., ஏ.எல். பரீட்சைக் காலத்தில் வைக்க வேண்டாம். நோன்பு மாதத்தில் வைத்தால் முஸ்லிம் நண்பர்கள் வர முடியாது. பக்கத்துக் கோயிலில் கொடியேறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சவுண்ட் விஷயத்தில் நம்மவர் செய்கிற தவறு, மைதானத்துக்கு எடுக்கிற ஸ்பீக்கர்களைச் சின்ன மண்டபத்துக்கும் எடுப்பது. அறுபது பேர் கொள்கிற அறையில் ட்ரம்ஸுக்கு மைக் தேவையே இல்லை, அது தானாகவே போதுமான சத்தம். கிற்றாருக்கும் பேஸுக்கும் அவரவர் சின்ன அம்ப் (சத்தத்தைக் கூட்டுகிற பெட்டி) போதும். பாடுகிற குரலை மட்டும் ஸ்பீக்கரில் விடுங்கள். ட்ரம்ஸ்காரர் எந்த அளவில் வாசிக்கிறாரோ அதற்கு ஏற்ப மற்றவர்கள் சத்தத்தை வைத்துக்கொள்ள வேண்டும், அவர் கொஞ்சம் கையை அடக்கினால் எல்லாமே தெளிவாகிவிடும். ஸ்பீக்கரைப் பாடுகிறவரின் மைக்குக்கு முன்னால், ஆட்களைப் பார்த்து வையுங்கள். மைக்குக்குப் பின்னால் வைத்தால் கூவும்.

நம் ஊர் மண்டபங்கள் சீமெந்துச் சுவரும் ஓட்டுத் தரையுமாக இருப்பதால் சத்தம் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். சுவரில் தடித்த துணி, பாய், பழைய சாக்கு எதையாவது தொங்கவிட்டால் குறையும். நிரம்பிய அறையில் மனித உடம்பே நிறையச் சத்தத்தை உறிஞ்சிவிடும். ஆளில்லாத மண்டபத்தில் செக் பண்ணும்போது மோசமாகக் கேட்டால் பதறாதீர்கள்.

மேடை வேண்டாம் என்பேன். பேண்டைத் தரையில் நிறுத்தி மூன்று பக்கமும் ஆட்கள் நிற்கட்டும். மட்டக்களப்பில் கூத்து அப்படித்தான் ஆடினார்கள். களரியைச் சுற்றிச் சனம், அண்ணாவியாரின் மத்தளம் கைக்கெட்டுகிற தூரத்தில். கிட்ட இருந்து பார்க்கிற பழக்கம் நமக்குப் புதிதல்ல. உயரமான மேடை நடுவில் வந்த பிறகுதான் ஆடுகிறவரும் பார்க்கிறவரும் விலகிப்போனார்கள்.

குறைகளும் உண்டு. முதல் நிகழ்ச்சியில் வாசிப்பு அவ்வளவு நன்றாக இருக்காது. கொழும்புப் பேண்டின் இறுக்கம் வர ஒரு வருடமாவது எடுக்கும். ஒழுங்குசெய்கிறவர் அன்றைக்கு ஒழுங்காக இசை கேட்க முடியாது, வாசலுக்கும் கரண்டுக்கும் ஓடிக்கொண்டிருப்பார். ஐம்பது பேர் வருவார்கள் என்று பார்த்தால் இருபது பேர் வரலாம். ரொக் என்றாலே குடியும் கூத்தும் என்று நினைக்கிற பெரியவர்களிடம் போய் விளக்க வேண்டியிருக்கும். பொறுமை உள்ள ஒருவராவது குழுவில் இல்லையென்றால் இந்த வழியில் இறங்க வேண்டாம், கொழும்புக்கே போங்கள்.

எந்த வழியில் போனாலும் காதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இசை நடக்கிற இடங்களுக்கான பாதுகாப்புத் தரத்தை உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்டது. அதில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. அந்த 100 டெசிபலில்கூடக் காதை மூடாமல் கால் மணித்தியாலம் நிற்பதே பாதுகாப்பின் எல்லை என்று கணக்கிடுகிறார்கள். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த பிறகு காதுக்குள் ‘ஙொய்’ என்று கேட்டால் சத்தம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அடிக்கடி நடந்தால் அது நிரந்தரமாகிவிடும். நுரையில் செய்த காதடைப்பான் சின்ன விலைதான், ஒரு சோடி பையில் கிடக்கட்டும். அதைப் போட்டாலும் பாட்டுக் கேட்கும், பல நேரம் சொற்கள் இன்னும் தெளிவாகவே கேட்கும்.

இப்போது யாருக்கு எது என்று பார்க்கலாம். அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் பக்கத்தவர் யோசிக்கவே வேண்டாம், சீசனில் அறுகம்பே. அம்பாறை நகரத்தில் இருக்கிறவரும் அப்படியே. மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனைக்காரர் முதல் தடவை ஒரு சனிக்கிழமை அறுகம்பேயில் தங்கிப் பார்த்துவிட்டு, ஆசை அடங்காவிட்டால் கொழும்புக்குப் போகட்டும். ஒரு குறிப்பிட்ட பேண்டின் பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கிறவர் அறுகம்பேயில் ஏமாந்துபோவார். அவர் அந்தப் பேண்ட் கொழும்பில் வாசிக்கிற நாளுக்குக் காத்திருப்பதே சரி. பாட்டு எழுதுகிறவர், கிற்றார் வாசிக்கிறவர் என்றால் கொழும்புக்கு ஒரு தடவை கட்டாயம் போக வேண்டும், சவுண்ட் செக் நேரத்துக்கே போய் அவர்கள் எதை எங்கே வைக்கிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒழுங்குசெய்கிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவர முடியாதவர்கள், இரவு வெளியே தங்க முடியாதவர்கள், காசு குறைவானவர்கள், இவர்கள் எல்லோருக்கும் ஊர் நிகழ்ச்சிதான் ஒரே வழி. நம் ஊரில் அவர்கள்தான் அதிகம்.

காலமும் இதற்குச் சாதகமாக இருக்கிறது. சீசன் முடிந்து மழை தொடங்குகிற மாதங்களில் அறுகம்பே அடங்கிவிடும், கொழும்புப் பயணமும் கஷ்டமாகிவிடும். உள்ளே, கூரைக்குக் கீழே ஒரு சின்ன நிகழ்ச்சிக்கு அதுதான் நேரம். நவம்பர், டிசம்பர் பரீட்சைகளைப் பார்த்து, ஜனவரி பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளலாம். பேண்டுக்கு இரண்டு மாதம் முன்னரே சொன்னால்தான் நாலு சொந்தப் பாட்டைத் தேற்ற நேரம் இருக்கும். கரண்ட் போகக்கூடும், ஜெனரேட்டர் ஒன்று சொல்லி வையுங்கள். மண்டபக்காரருக்கும் சவுண்ட்காரருக்கும் முற்பணம் கொடுக்கிற மாதிரியே வாசிக்கிறவர்களுக்கும் ஒரு தொகையைப் பேசி முற்பணமாகக் கொடுத்துவிடுங்கள், மிச்சத்தை அன்றிரவே அவர்கள் கையில் வையுங்கள். வாசல் காசு குறைந்துபோனால் அந்தக் குறையை நடத்துகிறவர்கள்தான் ஏற்க வேண்டும், பேண்ட் அல்ல.